பதினெட்டுக்குப் பதினொன்று

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவுக்கு மருந்துப் பையோடு வரும் பெண் வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். மகளிர் குழுவிலிருந்து வந்தவர், என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டையைச் சுற்றி, இயந்திரத்தைப் பார்த்து, "நூத்தி அறுபதுக்குத் தொண்ணூறு இருக்குங்க ஐயா" என்றார்.

நான் பழக்கதோஷத்தில், "செய்ஸ், நெஃப்" என்று முணுமுணுத்துவிட்டேன்.

"என்னங்க ஐயா?"

"ஒண்ணும் இல்லம்மா. பதினாறு, ஒன்பது. பிரெஞ்சுல சொன்னேன்."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொன்னார். எண்ணினார். இந்தத் தேதிக்கு இருக்க வேண்டியதைவிட ஒன்பது மாத்திரைகள் கூடுதலாக இருந்தன. முப்பத்து நாலு வருஷம் வருவாய்த்துறையில் கணக்குப் பார்த்தவனிடம் இருப்புக் கணக்கு உதைத்தது. என்னிடம் பதில் இல்லை. என் வீட்டம்மா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஒன்பது மாத்திரைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்கு என் பூர்வீகம் தெரியும். புதியவர்களுக்காக இரண்டு வரி. அம்மாவுக்கு ஊர் கச்சிராயபாளையம். அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி, குடியிருப்பு முதலியார்பேட்டை. 1954 நவம்பரில் ஆட்சி கை மாறிய பிறகும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் தொடர்ந்து நடந்தன. அப்பா என்னை அதில் சேர்த்தார். ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்து, பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் மூலம் 1973-ல் தென்னாற்காடு மாவட்ட வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளர் ஆனேன். பெரும்பாலும் கள்ளக்குறிச்சிப் பக்கமே காலம் போயிற்று.

அப்பாவுக்கு 1963-ல் தலை சுற்றல். பிரெஞ்சு முறையில் படித்த வயதான டாக்டர் ஒருவர் பார்த்தார். கைப்பட்டையை அவிழ்த்துவிட்டு, "திஸ்யூயித், ஓன்ஸ்" என்றார். பதினெட்டு, பதினொன்று. மொழிபெயர்க்க வேண்டிய வேலை என்னுடையது, ஏழாவது படிக்கும் பையன். பிரெஞ்சுக்காரர்கள் ரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் சென்டிமீட்டரில் சொல்வார்கள், இன்றும் அப்படித்தான். நாம் மில்லிமீட்டரில் சொல்கிறோம். அவர்களுடைய பதினெட்டு நமக்கு 180.

அடுத்து டாக்டர் சொன்ன வாக்கியம்தான் வினை: "உன் அப்பாவுக்குத் தான்சியோன் இருக்கிறது." பிரெஞ்சில் அது வெறும் ரத்த அழுத்தம். நாங்கள் அதைத் தமிழ்நாட்டு 'டென்ஷன்' என்று எடுத்துக்கொண்டோம். கவலை, மனக்கொதிப்பு. அப்பாவுக்கு மில்லில் கவலை இருந்ததும் உண்மை. ஆகவே கவலையைக் குறைத்தால் நோய் போய்விடும் என்று வீடு முழுக்க முடிவாயிற்று. இன்றைக்கும் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்று கேட்டுப் பாருங்கள், "எனக்கு டென்ஷனே கிடையாது, பி.பி. எப்படி வரும்?" என்பவர்கள் நாலு பேராவது கிடைப்பார்கள். கவலையே இல்லாத ஆளுக்கும் அழுத்தம் ஏறும். ஏறியது அவருக்குத் தெரியவும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளக்கக் கற்றுக்கொள்ளவே மனிதனுக்கு நெடுநாள் பிடித்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் ரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறி நின்று, இதயத் துடிப்புக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடியது. 1733-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். எட்டடிக் குழாயை நோயாளியின் பக்கத்தில் நிறுத்த முடியுமா? 1828-ல் புவாஸெய் என்ற பிரெஞ்சுக்காரர் பாதரசத்தைப் பயன்படுத்தினார். பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம். எட்டடி உயரம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிட்டது. இன்று மின்கலத்தில் ஓடும் இயந்திரத்தில் பாதரசம் ஒரு துளிகூடக் கிடையாது, கணக்கு மட்டும் அவருடைய பாதரசத்தில்தான் ஓடுகிறது. 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கைப்பட்டையைக் கொடுத்தார். 1905-ல் ரஷ்யாவின் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் மேல் எண், கீழ் எண் இரண்டும் கிடைக்கும் என்று காட்டினார்.

அளக்க வந்துவிட்டது, குறைக்க ஒன்றும் இல்லை. இந்த நிலைமை நாற்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் மிகப் பெரிய பதவி, பக்கத்திலேயே கடற்படை வைத்தியர்கள். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் பார்த்தபோது 186-க்கு 108. உப்பைக் குறை, ஓய்வெடு, டிஜிட்டாலிஸ் சாப்பிடு என்பதைத் தாண்டிச் சொல்ல அவரிடமும் எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில், "தலை பயங்கரமாக வலிக்கிறது" என்று பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்போது அளந்தது 300-க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு. அன்று அவரிடம் இல்லாத மருந்து இன்று வெள்ளிமலையில் குடிசை வாசலுக்கு வருகிறது.

அந்தக் காலத்து வைத்தியத்தில் ஒன்று நம்மவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கெம்ப்னர் என்ற டாக்டர், ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர், நோயாளிகளுக்கு வெறும் சோறும் பழமும் சர்க்கரையும் கொடுத்தார். உப்பு கிடையாது. பலருக்கு அழுத்தம் இறங்கியது. சோற்றினால் இறங்கியது என்று நாம் பெருமைப்பட வேண்டாம். சோற்றோடு நாம் சேர்த்துக்கொள்ளும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தத் தட்டில் இல்லை என்பதுதான் சங்கதி.

வேலை செய்யும் முதல் மாத்திரைகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்தது. சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் வடக்கே காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர். 1931-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. டெல்லியில் சித்திகி என்ற பெயருடைய வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள், இந்த வேர் பித்துக்கு மட்டுமல்ல, ரத்த அழுத்தத்துக்கும் ஆகும் என்று எழுதினார்கள். இந்தியப் பத்திரிகையில் வந்ததை வெளிநாட்டார் யாரும் கவனிக்கவில்லை. 1949-ல் பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், தன் நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்து, செர்பசில் என்ற பெயரில் விற்றது. நம் வேர் சீமைக்குப் போய் மாத்திரையாகத் திரும்பி வந்தது. வகீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. பள்ளிப் பாடத்தில் அவர் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

அப்பாவுக்கு அந்த டாக்டர் எழுதிக்கொடுத்தது செர்பசில்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு மாதத்தில் பதினெட்டு பதினைந்தாக இறங்கியது. தலை சுற்றல் போயிற்று. கூடவே வேறொன்றும் வந்தது. அப்பாவுக்கு மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டது. பேச்சு குறைந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காரணமே இல்லாமல் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அம்மா பயந்துவிட்டாள். "டென்ஷன் உள்ளேயே இருக்கு, மாத்திரைக்கு அடங்கல" என்றாள். அப்பா வேறு மாதிரி யோசித்தார். "பதினைஞ்சுக்கு வந்தாச்சு. நல்லாயிட்டுது. இனிமே எதுக்கு?" மாத்திரையை நிறுத்தினார். பத்துப் பதினைந்து நாளில் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார், என் தலையில் குட்டினார், மில் சங்கத்துக் கதையெல்லாம் பேசினார். எங்களுக்கு அப்பா திரும்பக் கிடைத்தார். மாத்திரையை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று வீட்டில் எல்லோரும், நானும்தான், நம்பினோம்.

1967 ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, எழுந்து வேட்டி கட்டும்போதே வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. பதினோரு நாள் இருந்தார். கையெழுத்துப் போடும் கை அது. கடைசிவரை இடது கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு நாங்கள் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தோம்.

ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும், மூக்கடைப்பைத் தரும் என்று 1950-களிலேயே மருத்துவ இதழ்களில் எச்சரிக்கை வந்துவிட்டது என்பதை நான் வெகுகாலம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு, பிரெஞ்சு மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது படித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பிடித்திருந்தது கவலை அல்ல, மாத்திரையாக இருந்திருக்கலாம். டாக்டரிடம் போய், "இவர் அழுகிறார்" என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார் அல்லது வேறு மருந்து கொடுத்திருப்பார். அழுவதை எல்லாம் டாக்டரிடம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவரும் கேட்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

மனதை உறுத்தும் தற்செயல் ஒன்று உண்டு. அப்பா இறந்த அதே 1967-ல்தான், மாத்திரை உண்மையிலேயே உயிரைக் காக்கிறது என்ற முதல் உறுதியான ஆய்வு அமெரிக்காவில் வெளிவந்தது. எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற டாக்டரின் தலைமையில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்தது. கீழ் எண் 115-லிருந்து 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு நிஜ மாத்திரை, 70 பேருக்கு மாவு மாத்திரை. மாவு மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குப் பெரிய பாதிப்புகள் வந்தன. நிஜ மாத்திரைக்காரர்களில் இரண்டே பேருக்கு. கொடுத்தது மூன்று மருந்துகளின் கூட்டு. அதில் ஒன்று நம் ரெசர்பின்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு சோதனை வைத்தார்கள். ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினைச் சேர்த்த மாவு மாத்திரையைக் கொடுத்தனுப்புவார்கள். திரும்பி வரும்போது சிறுநீரைப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். மாத்திரை சாப்பிட்டவனுடைய சிறுநீர் ஒளிரும். மீதி மாத்திரையையும் எண்ணுவார்கள். "ஒழுங்காகச் சாப்பிட்டேன்" என்று வாயால் சொல்வதை அவர்கள் நம்பவில்லை. ஒழுங்கில்லாதவர்களை ஆய்விலேயே சேர்க்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் திடீர் தணிக்கைக்கு வரும் அதிகாரி நினைவுக்கு வருகிறாரா இல்லையா?

பிற்பாடு அந்த மூன்று மருந்தும் ஏறக்குறைய அதே கூட்டாக ஒரே மாத்திரையில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. அடெல்பேன்-எசிட்ரெக்ஸ். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் மேஜை இழுப்பறையில் பின்னுக்கும் நூலுக்கும் நடுவே அதை வைத்திருப்பார். தலை கனத்தால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார், அனாசின் மாதிரி. அவருடைய கதையும் அப்பாவுடைய கதை போலத்தான் முடிந்தது, 1979-ல்.

அடெல்பேனுக்குப் பிறகு அட்டெனலால், எனலாப்ரில், அம்லோடிபின் என்று வரிசையாக வந்தன. எனலாப்ரில் வகைக்கு மூலம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தில் நடந்த ஆராய்ச்சி. பாம்புக்கடிக்குக் கொடுத்த வேரில் ஒரு மருந்து, பாம்பின் விஷத்திலிருந்து இன்னொரு மருந்து. எனக்கு 1998-ல் அழுத்தம் இருப்பது தெரிந்தது, அம்லோடிபின் கொடுத்தார்கள். கணுக்கால் லேசாக வீங்கியது. அப்பா செய்யாததை நான் செய்தேன், டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார். (என் மாத்திரை எது என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். உங்களுடையதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும்.) இந்தக் காலத்து மாத்திரைகளில் சில, ஒருநாள் இரண்டு நாள் விட்டால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாத வகை. அதனால்தான் விட்டுப்போகிறது. வேறு சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும்.

மருந்து இருந்தும் அழுத்தம் அடங்காமல் இருப்பது என் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். நூறு பேரில் ஏழு! மருந்து இல்லாமல் இல்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, எடுக்க எடுக்கப் பற்று எழுதுகிற முறை வந்தது. பதிவேடு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அழகான ஏற்பாடு. மருந்து கிடங்குவரை வந்துவிட்டது, ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்துவிட்டது. அங்கிருந்து மனிதன் வாய்க்கு வருவதுதான் பாக்கி. கூலி வேலைக்குப் போகிறவன் மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வலியே இல்லாத வியாதிக்கு வரிசையில் நிற்பானா?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம், அந்தக் கடைசி தூரத்துக்கு ஆள் போட்டது. மகளிர் குழுப் பெண்களே வீடு வீடாக வந்து அளந்து, மாத்திரை கொடுத்து, மீதியை எண்ணுகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. யார் ஆரம்பித்தால் என்ன, நிற்காமல் நடந்தால் சரி.

மலையில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. கல்வராயன் மலை எனக்குப் புதிதல்ல. ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை மலையாளி மக்கள் தங்கள் நிலத்துக்கே பட்டா இல்லாமல், ஜாகீர்தாருக்குக் கூலியில்லா உழைப்பும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுக்கப் போனவர்களோடு நானும் பேரேடுகளைச் சுமந்துகொண்டு போனேன். அப்போது மாத்திரை என்ன, ஆஸ்பத்திரி என்றாலே கீழே இறங்க வேண்டும். இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம், 2019 நவம்பர் 26 முதல். மலைக்கே தனி தாலுகா. சிறுவங்கூரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரி.

1976-ல் எங்களுக்கு அளவைச் சங்கிலி பிடித்த பையன் ஒருவர் வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கிறார். இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியவர். தை மாதத்தில் அவர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். என்னை இன்றும் "கிளார்க்கையா" என்றுதான் கூப்பிடுகிறார். கூரைக் கழியில் ஒரு பால்பவுடர் டின்னைத் தொங்கவிட்டு அதில் மாத்திரை வைத்திருந்தார். எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாமல். சாமைச் சோறு சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்:

"போன தடவ அளந்த பாப்பா நார்மல்னு சொல்லுச்சு. நல்லாயிட்டுது இல்ல கிளார்க்கையா, இன்னும் எதுக்குத் தின்னணும்?"

அறுபது வருஷத்துக்கு முன்னால் முதலியார்பேட்டைத் திண்ணையில் கேட்ட அதே வார்த்தை. எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பிறகு அப்பாவின் கதையை முழுக்கச் சொன்னேன், அந்தக் கையைப் பற்றியும். அவர் நடுவில் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப வேலி மாதிரிங்கிறீங்க. ஒரு மாசமா பன்னி வரலைன்னு வேலியைப் பிரிச்சுட்டா, அன்னிக்கு ராத்திரியே பன்னி எறங்கிடும்" என்றார். இத்தனை புத்தகம் புரட்டிய எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வரவில்லை.

அவருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. மிளகு பறிக்கும் வேலைக்கு மகனோடு கேரளா போகிறார், மூன்று மாதத்துக்கு. டின்னில் இருந்தது இரண்டு மாதத்து மாத்திரை. அறுபதை வைத்துத் தொண்ணூறு நாளை ஓட்ட, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம் என்று அவராகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது ஆகாது என்று சொல்லி, மாத்திரையின் பெயர், மில்லிகிராம், தினம் எத்தனை என்று ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழ்திக் கொடுத்தேன். அங்கே எந்த அரசு சுகாதார நிலையத்தில் காட்டினாலும் இதே மருந்து இருக்கும், தீர்வதற்குப் பத்து நாள் முன்னாலேயே போங்கள் என்றேன். தாளை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார். போன வாரம் மகனுடைய போனிலிருந்து பேசினார். வாங்கிவிட்டாராம்.

இனி அந்த ஒன்பது மாத்திரைக்கு வருகிறேன். தன்னார்வலர் பெண் போன பிறகு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தேன். விழுப்புரம் கல்யாணத்துக்கு இரண்டு நாள். கண் பரிசோதனைக்காகப் புதுச்சேரி போனபோது ஒன்று. மூன்றுக்குக் காரணம் தெரியவில்லை, சும்மா மறதி. மீதி மூன்று, தை மாதக் கணக்கில் பாக்கியாக நின்று, புது அட்டையோடு சேர்ந்து வந்தவை. வெள்ளிமலையில் தங்கிய மூன்று நாட்கள். அவருக்கு அவ்வளவும் சொன்னேனே, அப்போது என் மாத்திரை கள்ளக்குறிச்சியில், அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தது.